உளி, புளி, ஒரு டிரம் செட்

மேட்டுப்பாளையம் என்று சொன்னதும் எதிராளி முகத்தில் ஒரு குளிர்ச்சி வரும். "அடடே! ஊட்டி ரயில் கிளம்புற ஊரா?" என்பார். "இல்லீங்க, இது புதுச்சேரி மேட்டுப்பாளையம்" என்பேன். குளிர்ச்சி போய்விடும். எங்கள் மேட்டுப்பாளையத்தில் மலை கிடையாது, ரயில் கிடையாது. தொழிற்பேட்டை உண்டு, லாரிகள் உண்டு, லாரிக்காரர்களுக்கு டீக்கடை உண்டு. அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு தகர டப்பா கம்பெனியில், பிரஸ் மிஷின் பக்கத்தில், 33 வருஷம் நின்றவன் நான். பிரஸ் என்றதும் பத்திரிகை என்று நினைத்துவிடாதீர்கள். தகட்டை உள்ளே தள்ளினால் 'டொம்' என்று அடித்து மூடியாக்கித் தள்ளும் மிஷின். ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை 'டொம்' என்று எண்ண ஆரம்பித்தவர்கள் வேலையை விட்டு ஓடியிருக்கிறார்கள். நான் எண்ணவில்லை.

ரிட்டையரானதும் கிராஜுவிட்டி வந்தது. இந்த மாதிரிப் பணம் வரும்போது மனிதனுக்கு மூன்று யோசனைகள் தோன்றும் என்பார்கள்: மாடி கட்டலாம், மனை வாங்கலாம், காசிக்குப் போகலாம். எனக்கு நாலாவதாக ஒன்று தோன்றியது. ஒரு டிரம் செட் வாங்கலாம். அதுவும் சாதாரண செட் இல்லை. உசத்தியான செட். எனக்கே எனக்கு.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. பாலசந்தர் படம், எம்.எஸ்.வி. இசை, ஒரு இசைக் குழு சிங்கப்பூர் போகும் கதை. அதைப் பார்த்துவிட்டு ஊருக்கு ஊர் பையன்கள் மெல்லிசைக் குழு ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கமும் ஒன்று முளைத்தது. நான் டிரம்ஸ். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, ஆடித் திருவிழா என்று பேதம் பார்க்காமல் வாசித்தோம். செட் என்னுடையதல்ல, முதலாளியுடையது. பேஸ் டிரம்மின் முகத்தில் குழுவின் பெயரும் அதைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயரும் இருக்கும். "மெதுவா அடிடா, தோலு கிழிஞ்சா உன் சம்பளத்துல பிடிச்சிடுவேன்" என்பார். தோல் என்பது பேச்சுக்கு. அது பிளாஸ்டிக். 1957 வாக்கிலேயே அமெரிக்காவில் டிரம்முக்கு ஆட்டுத்தோல், கன்றுத்தோல் போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஆனால் பயம் தோல்காலத்துப் பயம்தான். ஏழு வருஷம் பயந்து பயந்தே தாளம் போட்டேன்.

1986-ல் 'புன்னகை மன்னன்' வந்தது. இளையராஜா கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் முதலாளிக்கும் விஞ்ஞான தாகம் எடுத்தது. தாளம் போடும் ஒரு பெட்டியை எங்கிருந்தோ வாங்கி வந்தார். பட்டனை அமுக்கினால் 'டிஷ்கு டிஷ்கு'. அதற்கு சம்பளம் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். நான் தகர டப்பா கம்பெனியில் சேர்ந்தேன்.

இத்தனையும் கேட்டுவிட்டு என் சகதர்மிணி சொன்னாள்: "சிவமணி வாட்டர் கேன்லயும் சூட்கேஸ்லயும் வாசிக்கிறாருங்க. டி.வி.யில பார்த்தோமே. நம்ம வீட்டுல கேன் இருக்கு. சூட்கேஸும் சும்மாதான் கிடக்கு."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சிவமணி தொட்டால் எதுவும் வாத்தியம். நான் தொட்டால் கேன் கேன்தான் என்று ஒப்புக்கொள்வதுதான் உண்மை. அதை மனைவியிடம் ஒப்புக்கொள்வதா?

பேச்சை மாற்ற, "கடைக்குப் போறேன், ஏதாச்சும் வேணுமா?" என்றேன். "ஒரு புளி வாங்கிட்டு வாங்க" என்றாள். ஹார்டுவேர் கடைக்குப் போய், முனை நன்றாகத் தீட்டிய ஒரு உளி வாங்கி வந்தேன். அதை மேஜையில் வைத்ததும் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! "ரசத்தை இதால செதுக்கட்டுமா?" என்றாள். டிரம்ஸ் நினைப்பில் புத்தி கெட்டுவிட்டது என்று இருவரும் முடிவு செய்தோம். முடிவு தப்பு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

என் ஆலோசகன் அக்கா மகன். சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவன். "மாமா, மத்தவங்க சொல்றதைக் கேட்டு வாங்கக் கூடாது. உங்க டேஸ்ட்டுக்கு வாங்கணும்" என்று பாடம் எடுத்தான். பாடம் ஜாதகப் பொருத்தம் மாதிரி போயிற்று. மேப்பிள் மரம் என்றால் சத்தம் எல்லாப் பக்கமும் சமமாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்குமாம். பிர்ச் மரம் 'பட்'டென்று வந்து 'பட்'டென்று நிற்குமாம், ரெக்கார்டிங்குக்கு அதைத்தான் விரும்புவார்களாம். மஹோகனி அடித்தொண்டையில் பேசுமாம். கூடு மெலிசாக இருந்தால் சுருதி இறங்கும், தடிமனாக இருந்தால் சத்தம் தூரம் போகும். விளிம்பைக் கூராகச் சீவினால் ஒரு குணம், மழுக்கினால் ஒரு குணம். பேஸ் டிரம் 18 அங்குலம் என்றால் ஜாஸ், 22-க்கு மேல் போனால் ராக். அமெரிக்காவில் டி.டபிள்யூ. என்ற கம்பெனியில் மரக்கூட்டைத் தட்டிப் பார்த்து, அது தரும் ஸ்வரத்தைக் கூட்டின் உட்புறத்திலேயே முத்திரை குத்துகிறார்களாம். விலையும் குத்துவது மாதிரிதான்.

"இதென்னடா பெரிய அதிசயம்?" என்றேன். பக்கத்தில் இருக்கிறது பண்ருட்டி. பலாப்பழத்துக்கு மட்டும் பேர்போன ஊர் இல்லை. பலா மரத்துக்கும்தான். மிருதங்கக் கட்டைக்குப் பண்ருட்டிப் பலா என்றால் தனி மதிப்பு. மரத்தைத் தட்டிப் பார்த்தே கட்டை தேர்கிறவர்கள் நம் பக்கம் காலங்காலமாக இருக்கிறார்கள். பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் டி.எம். கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வாசித்தவரை நமக்குத் தெரியும். அந்த நாதத்தைத் தேடித் தேடி உண்டாக்கியவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

மருமகன் மடக்கினான். "மாமா, மிருதங்கத்துக்கு ஒரு சவுகரியம் இருக்கு. பாடறவங்க சுருதி என்னவோ அதுக்குச் சேர்த்தா சரி. சேரலைன்னா தப்பு. டிரம்ஸுல அப்படி இல்லை."

பையன் சொன்னது பெரிய விஷயம். சர் சி.வி. ராமன் இதை 1920-லேயே ஆராய்ந்து 'நேச்சர்' பத்திரிகையில் எழுதியிருக்கிறார். சாதாரணமாக ஒரு தோலை இழுத்துக் கட்டி அடித்தால், அதில் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. கூச்சல்தான் மிஞ்சும். நம் மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக ஒரு வட்டம் பூசியிருக்கிறார்களே, அந்தக் கனம் துணை ஒலிகளை வரிசைப்படுத்திவிடுகிறது. அதனால் மிருதங்கம் வீணை, வயலின் மாதிரி ஸ்வரம் பேசுகிறது. எந்த விஞ்ஞானியையும் கேட்காமல் யாரோ கண்டுபிடித்துப் பூசியிருக்கிறார்கள். டிரம்முக்கு அந்தப் பொட்டு கிடையாது. ஆகவே 'இதுதான் சரி' என்று ஒரு சுருதியும் கிடையாது. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அங்கேதான் எனக்கு உதறல் எடுத்தது. சரி எது, தப்பு எது என்று முதலாளி சொல்லி, ஃபோர்மேன் சொல்லி, மனைவி சொல்லி 60 வயதைத் தாண்டியவனிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால்?

சென்னையில் ஒரு பெரிய வாத்தியக் கடைக்குப் போனோம். விற்பனைப் பையன் பணிவாகக் கேட்டான்: "சார், உங்க டேஸ்ட் சொன்னீங்கன்னா எடுத்துக் காட்டுவேன்."

புடவைக் கடையில் மாட்டிய ஆண் மாதிரி விழித்தேன். பிறகு கண்ணுக்கு ஒன்று பட்டது. சிவப்பு. மினுமினுப்புச் சிவப்பு. 1979-லிருந்து கனவில் வந்த சிவப்பு. "அது!" என்றேன்.

"சத்தம் கேட்க வேணாமா மாமா?"

"ரிங்கோ ஸ்டார் மட்டும் சத்தம் கேட்டா வாங்கினாரு?" என்றேன். இது நான் படித்து வைத்திருந்த அஸ்திரம். பீட்டில்ஸ் ரிங்கோ 1963-ல் லண்டன் கடையில் லுட்விக் செட் வாங்கியதே அந்தக் கறுப்பு முத்துச்சிப்பி நிறத்தில் மயங்கித்தான் என்பார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரி 9-ம் தேதி அமெரிக்க டெலிவிஷனில் 7 கோடிப் பேருக்கு மேல் அதே நிற லுட்விக் செட்டைப் பார்த்தார்கள். லுட்விக் கம்பெனிக்கு மூச்சு விட நேரமில்லாமல் போயிற்று.

சிவப்பில் உட்கார்ந்து வாசித்தேன். ஆனந்தமாக இருந்தது. அடுத்து சிம்பல். நாங்கள் அந்தக் காலத்தில் 'தட்டு' என்போம். வரிசையாக மாட்டியிருந்ததை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்றும் சுரத்தாக இல்லை. போர்வைக்குள் வைத்துத் தட்டுவது மாதிரி இருந்தது. கடைசியாக ஒன்று மட்டும் 'சில்'லென்று கொஞ்சம் கேட்டது. "இதுதான் என் டேஸ்ட்!" என்று இன்னும் இரண்டு போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் மருமகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறான். விற்பனைப் பையன் சிரித்த முகம் மாறாமல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். கிதார் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மருமகன் காதருகே வந்தான். "மாமா, அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஊருக்குப் போனதும் முதல்ல காது டாக்டரைப் பார்க்கலாம்."

எனக்குக் கோபம். இருந்தாலும் அந்த உளி ஞாபகம் வந்தது. போனேன்.

கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். முடிந்ததும் டாக்டரம்மா ஒரு கிராஃப் காட்டினார். கோடு இடப்பக்கம் மேட்டில் சமமாகப் போகிறது. 2000-ஐத் தாண்டியதும் சரிகிறது. 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் கிடுகிடு பள்ளம். அப்புறம் கொஞ்சம் ஏறுகிறது. ஊட்டி மலையிலிருந்து ரயில் இறங்குகிற மாதிரி. ஒருவழியாக என் மேட்டுப்பாளையத்துக்கும் மலை ரயில் வந்து சேர்ந்துவிட்டது!

"இந்தப் பள்ளம் இருந்தாலே இரைச்சல்ல வேலை பார்த்தவங்கன்னு தெரியும்" என்றார். உள்காதில் ஒலியை வாங்குகிற மெல்லிய மயிரணுக்கள் உண்டாம். பெரும் இரைச்சல் முதலில் 4000 பக்கத்து அணுக்களைத்தான் சாய்க்கிறது. சாய்ந்தது சாய்ந்ததுதான், மறுபடி முளைக்காது. ப, ச, த, க போன்ற எழுத்துகளின் நுனி அந்த மேல் பக்கத்தில்தான் இருக்கிறது. நுனி போய்விட்டால் புளி உளியாகும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைதான். டிரம்ஸ் வாசிக்கிறவன் காதில் 100-ஐ சர்வசாதாரணமாகத் தாண்டும்.

"கம்பெனியில காது அடைப்பான் கொடுக்கலையா?"

கொடுத்தார்கள். மஞ்சள் கலரில், பஞ்சு மாதிரி. வீட்டு ஜன்னல் காற்றில் தடதடவென்று ஆடியது. அந்த இடுக்கில் செருகினேன். ஜன்னல் இன்றைக்கும் சத்தம் போடாமல் இருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காது போனதுகூடப் பரவாயில்லை. 'இதுதான் என் டேஸ்ட்' என்று மார்தட்டினேனே, அது டேஸ்ட் இல்லை, ஓட்டை. ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கிறேன். நாக்கு மரத்தவன் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வது மாதிரி. செட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மாடி கட்டிவிடலாம் என்று காலையில் சொன்னேன்.

சகதர்மிணி இட்லியை வைத்துக்கொண்டே, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

மறுபடி சென்னை. இந்தத் தடவை மூன்று பேர். டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். கீழ் ஒலிகளில் என் காது வயசுக்கு ஏற்றபடி நன்றாகவே இருக்கிறது. ஆகவே டிரம்மை நான் தேர்ந்தெடுக்கலாம். மருமகன் ஒரு ஏற்பாடு செய்தான். என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, நாலு செட்டில் மாற்றி மாற்றி வாசித்தான். பிடித்ததற்குக் கையைத் தூக்க வேண்டும். வரிசையைக் கலைத்துக் கலைத்து மூன்று தடவை. மூன்று தடவையும் ஒரே செட்டுக்குத்தான் என் கை தூக்கியது. நானாகத் தூக்கவில்லை, அதுவாகத் தூக்கிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தேன். மஹோகனி. 22 அங்குல பேஸ் டிரம். நிறம்? சர்க்கார் ஆபீஸ் பெஞ்சு நிறம். பக்கத்தில் என் சிவப்பு, நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த சிவப்பு, மினுமினுத்துக்கொண்டு நின்றது.

"வாசிக்கிறப்ப நீங்க பின்னாடி உட்காருவீங்க மாமா. கலர் எதிர்ல நிக்கிறவங்களுக்குத்தான்" என்றான் மருமகன்.

அப்போது என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, இது உங்க கம்பெனி மிஷின் சத்தம் மாதிரியே இருக்கு. சாப்பாடு கொண்டு வருவேனே, கேட்டுக்கிட்ட நிக்கும்போது கேட்கும்."

மறுபடி ஒரு அடி அடிக்கச் சொன்னேன். டொம். அதே டொம். காதைத் தின்ற சத்தமும் அதுதான், காதுக்குப் பிடித்த சத்தமும் அதுதான் என்றால் அந்தக் காதை என்ன செய்வது? கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றேன். பிறகு "பெஞ்சு கலரே இருக்கட்டும்" என்றேன்.

அடுத்தது சிம்பல். "நீ பாரு" என்று அவளிடம் விட்டேன்.

விற்பனைப் பையன் ஆரம்பித்தான்: "மேடம், இது ஸில்ஜியான். 1623-லேர்ந்து இருக்கிற கம்பெனி. துருக்கியில ஒருத்தர் தங்கம் பண்ண முயற்சி பண்ணப்போ..."

"தங்கம் வரலையாக்கும்" என்றாள் அவள். "இதுல என்ன சேர்த்திருக்கு?"

"எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு ஈயம் மேடம். வெள்ளீயம்."

"வெங்கலம்னு சொல்லுங்க. வெங்கலப் பானை வாங்கத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?"

பையன் குச்சியை நீட்டினான். அதை வாங்கவே இல்லை. பாத்திரக் கடையில் நிற்கிற மாதிரி நின்று, விளிம்பை ஒரு விரலில் தாங்கி, இன்னொரு கை முட்டியால் ஒரு தட்டு. காதருகே கொண்டுபோய், சத்தம் முழுக்க அடங்கும் வரை காத்திருந்தாள். நான் சிம்பலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டு முடிந்த பிறகும் வெகு நேரம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது கத்துது." அடுத்தது. "இது அழுவுது." அடுத்தது. "இது இருக்கட்டும். இது பேசுது."

பத்து நிமிஷத்தில் இரண்டு தட்டும் ஒரு ஜோடி ஹை-ஹாட்டும் முடிந்தது. பெயர் படித்துப் பார்த்த மருமகன் வாயைப் பிளந்தான். இருட்டான நாதம் என்று வித்வான்கள் தேடிப் போகிற ரகமாம். என் காதில் அது 'தொப்' என்றது.

பில் போடும்போது பேரம் வேறு. உட்காரும் ஸ்டூலும் மூன்று ஜோடி குச்சியும் இலவசம். "காது அடைப்பான் இருக்கா? இவருக்கு ரெண்டு ஜோடி குடுங்க. ஜன்னலுக்கு வேற தனியா வாங்கி வெச்சிருக்கோம்" என்றாள். அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது!

பணம் எவ்வளவு என்று எழுதமாட்டேன். மாடி இல்லை என்பது மட்டும் நிச்சயமாயிற்று.

இப்போது செட் முன்னறையில் இருக்கிறது. சாயந்திரம் ஆறிலிருந்து ஏழு வரை வாசிக்கலாம் என்று அக்கம்பக்கத்தோடு ஒப்பந்தம். ஜூன் 21-ம் தேதி புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு நடக்கிற இசைத் திருவிழாவில் என்னை உட்கார வைப்பதாக மருமகன் சொல்லியிருக்கிறான். பார்க்கலாம்.

அடைப்பானை மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். கீழே டொம் டொம் என்பது நெஞ்சில் வந்து இடிக்கிறது. மேலே தட்டு போய்ச் சேர்ந்ததா என்பதுதான் சந்தேகம். அதனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்துவேன்.

"தட்டு கேட்டுதா?"

"கேட்டுது... நல்லா இருக்கு. ரெண்டாவது தடவை கொஞ்சம் பிந்திட்டீங்க" என்று பதில் வரும். பிறகு, "வெளியில போனா புளி வாங்கிட்டு வாங்க. பு... பு... புளி!"